"ஆன் ஆகிறது, மேற்கொண்டு சோதிக்கவில்லை": ஏலத்தில் பழைய லேப்டாப், போன் எடுப்பதற்கு முன்னும் பின்னும்

நீங்கள் கேட்டிருப்பது இது: ஆன்லைன் ஏலத்தில் ஒரு பழைய லேப்டாப்பையும் ஒரு போனையும் குறித்து வைத்திருக்கிறீர்கள். விற்பவருக்கு 99 சதவீதம் நல்ல மதிப்பீடு இருக்கிறது. லேப்டாப்புக்குக் கீழே "ஆன் ஆகிறது, மேற்கொண்டு சோதிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். இவரை நம்பி வாங்கலாமா? முகம் தெரியாத ஒருவரின் மனசைப் படித்துச் சொல்ல யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் உங்கள் கேள்விக்குள் வேறொரு கேள்வி இருக்கிறது. பொருள் சரியில்லை என்றால் அதைத் திருப்பித் தரும் கெடுவுக்குள் என்னால் கண்டுபிடிக்க முடியுமா, கண்டுபிடித்தால் பணம் திரும்ப வருமா? இதற்குத் திட்டமாகப் பதில் சொல்லலாம். அவர் எழுத்தில் எதற்கெல்லாம் பொறுப்பேற்றிருக்கிறார் என்பதிலிருந்துதான் அந்தப் பதில் தொடங்குகிறது.

எனவே முதலில் அந்த வாசகத்தையே எடுத்துக்கொள்வோம். "ஆன் ஆகிறது" என்றால், பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, அவ்வளவுதான். திரையில் படம் வருகிறதா, விண்டோஸ் வரை போகிறதா, பத்து நிமிடம் தாங்குகிறதா என்பது எதுவும் அதில் இல்லை. "சோதிக்கவில்லை" என்று இருந்தால், வேலை செய்யாது என்றே வைத்துக்கொண்டு விலை போடுங்கள். லேப்டாப்பை மேலோட்டமாகப் பார்க்க ஒரு சார்ஜரும் ஐந்து நிமிடமும் போதும். "நன்றாக வேலை செய்கிறது" என்று ஒரு வரி சேர்த்தால் கூடுதல் விலை போகும் என்று விற்பவருக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த ஐந்து நிமிடத்தை அவர் செலவழிக்கவில்லை என்றால் பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். காலி செய்த வீட்டுச் சாமான்களை மொத்தமாக எடுத்து விற்பவர்களும், அலுவலகக் கழிவை எடைக்கு வாங்குபவர்களும் உண்மையாகவே சோதிக்காமல் விற்பதுண்டு. இவர் எந்த ரகம் என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க வழி கிடையாது. அதனால்தான் உதிரி பாகங்களுக்கு என்ன விலையோ அதற்கு மேல் போகாதீர்கள் என்கிறேன். "உள்ளது உள்ளபடி", "உதிரி பாகங்களுக்கு மட்டும்" என்ற சொற்கள் இன்னும் வெளிப்படையானவை. அவற்றைப் படித்துவிட்டு வாங்கியவர், பிறகு வேலை செய்யவில்லை என்று புகார் கொடுத்தால் பெரும்பாலும் எடுபடாது. ஈபே தளம் 1995இல் தொடங்கியபோது அதில் விற்ற முதல் பொருளே பழுதான ஒரு லேசர் பாயின்டர்தான். வாங்கியவரும் பழுது என்று தெரிந்தேதான் வாங்கினார். பழுதான பொருளை விற்பதில் ஒரு தவறும் இல்லை. "இடது பக்க யுஎஸ்பி வேலை செய்யாது, மூடியில் கீறல், பேட்டரி ஒரு மணி நேரம் நிற்கும்" என்று எழுதியிருப்பவரின் பொருளை, பளபளப்பான படம் மட்டும் போட்டிருப்பவரின் பொருளைவிட நான் முன்னால் வைப்பேன்.

99 சதவீதம் என்ற எண்ணையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பலர் சண்டை சச்சரவு வேண்டாம் என்று நல்ல வார்த்தை எழுதிவிட்டுப் போவார்கள். அதனால் 99.8க்கும் 98க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி பார்வைக்குத் தெரிவதைவிடப் பெரியது. ஈபேயில் இந்தச் சதவீதம் கடைசி 12 மாதங்களைத்தான் கணக்கில் எடுக்கிறது. எண்ணைப் பார்த்துவிட்டு நகராமல், கெட்ட மதிப்பீடுகளையும் நடுநிலை மதிப்பீடுகளையும் மட்டும் வடிகட்டிப் படியுங்கள். பார்சல் தாமதம் என்பது ஒரு வகை. "படத்தில் இருந்தது வேறு", "லாக் ஆன போன்", "பதிலே வரவில்லை" என்பது வேறு வகை, இந்த இரண்டாவது வகையில் இரண்டு மூன்று இருந்தாலே விட்டுவிடலாம். அந்த மதிப்பீடுகள் எந்தப் பொருளுக்குக் கிடைத்தவை என்றும் பாருங்கள். இருநூறு போன் கவர் விற்றுச் சேர்த்த நல்ல பெயர், இன்று விற்கும் லேப்டாப்புக்குச் சாட்சி சொல்லாது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ தூங்கிக் கிடந்த கணக்கு திடீரென்று ஒரே வாரத்தில் விலை உயர்ந்த பத்துப் பொருள்களைப் பட்டியலிட்டால், அது திருடப்பட்ட கணக்காக இருக்க வாய்ப்பு உண்டு. அங்கே அந்த 99 சதவீதம் வேறு யாரோ சம்பாதித்தது.

அடுத்து, கேள்வி கேளுங்கள், கண்டிப்பாகத் தளத்தின் மெசேஜ் வழியாக மட்டும். அங்கே வரும் பதில் பதிவாகிவிடும், நாளை தளத்தில் புகார் என்று வந்தால் அதுவும் விவரணையின் ஒரு பகுதியாக நிற்கும். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். குறிப்பாகக் கேட்க வேண்டும்: முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டு விட்டதா? பயோஸ் (விண்டோஸ் எழும் முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்ட் உண்டா? ஏதாவது நிறுவனத்தின் மேலாண்மையில் இருந்த பொருளா? திறந்து பழுது பார்த்தது உண்டா? சார்ஜர் கூட வருகிறதா? படமும் கேளுங்கள். இன்றைய தேதி எழுதிய ஒரு துண்டுச் சீட்டைப் பக்கத்தில் வைத்து, திரை எரியும் நிலையில், மாடலும் கொள்ளளவும் தெரியும் செட்டிங்ஸ் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். பொருள் கையில் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. அவர் போட்டிருக்கும் படங்களைக் கூகுளில் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். அதே படம் வேறு விற்பனைப் பக்கங்களிலும் இருந்தால் அத்துடன் நிறுத்திவிடலாம். போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐயை முழுதாகப் பட்டியலில் போட மறுப்பதை வைத்து மட்டும் சந்தேகப்படாதீர்கள். அந்த எண்ணை வேறு போனில் ஏற்றிக் கள்ளத்தனம் செய்பவர்கள் இருப்பதால் அந்தத் தயக்கம் நியாயமானது. தனி மெசேஜில் கேட்டும் மழுப்பினால்தான் யோசிக்க வேண்டும்.

இனி பூட்டு விஷயம். பழைய பொருளில் பணம் முழுசாகப் போவது பெரும்பாலும் இங்கேதான். திரை உடைந்தால் மாற்றலாம், பேட்டரி போனால் மாற்றலாம், பூட்டிய போனை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஐபோனில் 2013இல் ஐஓஎஸ் 7உடன் ஆக்டிவேஷன் லாக் வந்தது. ஆண்ட்ராய்டில் 2015இல் 5.1 பதிப்புடன் ஃபேக்டரி ரீசெட் பாதுகாப்பு வந்தது. இரண்டுமே திருட்டைத் தடுக்க வந்தவை: போனை அழித்துவிட்டாலும், மறுபடி ஆன் செய்யும்போது பழைய உரிமையாளரின் கணக்கையும் பாஸ்வேர்டையும் கேட்கும். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. போன் "ஹலோ" திரையில் நிற்பதைப் படம் பிடித்துப் போட்டு, "ரீசெட் செய்து புதிதுபோல் தயார்" என்பார்கள். அந்தத் திரை பூட்டு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. மொழியைத் தேர்ந்தெடுத்து, வைஃபையில் இணைத்து, அதற்கு அடுத்த படிகளுக்குப் போனால்தான் பூட்டு இருக்கிறதா என்று தெரியும். எனவே போன் வந்ததும் சிம் போட்டுப் பேசிப் பார்த்துத் திருப்தி அடையாமல், ஒருமுறை முழுதாக ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, ஹோம் ஸ்கிரீன் வரும்வரை போய்ப் பாருங்கள். வழியில் "இந்தச் சாதனத்தை ஒரு நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற பொருளில் ஏதாவது வந்தால் அது அலுவலகப் போன். முறைப்படி விடுவிக்கப்படாதது. விற்றவர் சொல்லி அந்த நிறுவனம் நீக்கினால் ஒழிய உங்களால் ஒன்றும் ஆகாது.

ஐஎம்இஐ என்பது 15 இலக்க எண். *#06# அழுத்தினால் திரையில் வரும். முதல் 8 இலக்கம் மாடலைக் குறிக்கும், கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்கும் இலக்கம். திரையில் வரும் எண், செட்டிங்ஸில் உள்ள எண், சிம் ட்ரேயிலோ பெட்டியிலோ அச்சிட்டிருக்கும் எண் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். திருட்டுப் பட்டியலில் அந்த எண் இல்லை என்பது நல்ல செய்திதான், ஆனால் அது இன்றைய நிலை மட்டுமே. தவணை கட்டாத போனையோ, காணாமல் போனதாகப் பிறகு புகார் கொடுக்கப்படும் போனையோ அடுத்த மாதம்கூட முடக்கலாம். இதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் சோதனை எதுவும் இல்லை. வாங்கிய ரசீது இருக்கும் விற்பவரைத் தேடுவது ஒன்றே ஓரளவு பாதுகாப்பு.

லேப்டாப்பிலும் இதே கதைதான். அலுவலகங்களிலிருந்து மொத்தமாக வரும் லேப்டாப்புகள் உழைப்பவை. எனக்கு அவற்றின் மேல் நல்ல மதிப்பு உண்டு. ஆனால் மூன்று பூட்டுகளைப் பார்க்க வேண்டும். முதலாவது பயோஸ் பாஸ்வேர்ட்: ஆன் செய்து எஃப்2, எஃப்10, டெலீட் போன்ற விசையை அழுத்தி உள்ளே போய்ப் பாருங்கள், கேட்டால் பூட்டியிருக்கிறது. பல மாடல்களில் உள்ளே இருக்கும் சின்ன நாணய பேட்டரியைக் கழற்றினால் இது அழியும் என்பது பழைய காலத்துச் செய்தி. இப்போதைய அலுவலக லேப்டாப்புகளில் அது தனி சிப்பில் இருக்கும். இரண்டாவது விண்டோஸ் ஆட்டோபைலட்: லேப்டாப்பின் வன்பொருள் அடையாளமே பழைய நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கும். விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும், அமைப்பின்போது இணையம் கிடைத்தவுடன் அந்த நிறுவனத்தின் லாகின் பக்கம் வந்து நிற்கும். எனவே இணையத்துடன் ஒருமுறை புதிதாக நிறுவிப் பார்ப்பதுதான் சோதனை. மூன்றாவது மேக்புக்: டி2 என்ற பாதுகாப்பு சிப் உள்ளவற்றிலும் அதன்பின் வந்த ஆப்பிள் சிப் மாடல்களிலும் போனில் இருக்கும் அதே ஆக்டிவேஷன் லாக் உண்டு. பூட்டு இல்லாவிட்டாலும் இன்னொன்றைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 14 அக்டோபர் 2025உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் சில விதிவிலக்குகள் தவிர 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். மலிவாக வரும் 6, 7ஆம் தலைமுறை லேப்டாப்புகள் மலிவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். லினக்ஸ் போட்டுக்கொள்வதாக இருந்தால் அவை நல்ல சரக்கு.

பேட்டரியில் ஊகத்துக்கு இடமில்லை, எண்ணாகவே பார்த்துவிடலாம். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையுடன் பேட்டரிரிப்போர்ட் என்ற தேர்வைக் கொடுத்தால் ஓர் அறிக்கை வரும். அதில் வடிவமைத்த கொள்ளளவு, இப்போது முழு சார்ஜில் ஏறும் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். 50,000 மில்லிவாட்-மணி என்று வந்த பேட்டரியில் இப்போது 30,000தான் ஏறுகிறது என்றால் 60 சதவீதம். நான் 70க்குக் கீழே போனால் புது பேட்டரியின் விலையை ஏலத் தொகையிலிருந்து கழித்துவிடுவேன். ஐபோனில் இந்தச் சதவீதம் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகும், 15 முதல் 1,000 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்கும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் சொல்கிறது. மூன்று வருடப் போன் 100 சதவீதம் காட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள், பெரும்பாலும் பேட்டரி மாற்றப்பட்டிருக்கும். ஐஓஎஸ் 15.2 முதல் ஜெனரல், அபவுட் பகுதியில் மாற்றிய பாகம் அசலா இல்லையா என்று காட்டும். டிஸ்ப்ளேவுக்கு ஐபோன் 11 முதலும், கேமராவுக்கு 12 முதலும் அது உண்டு. திறந்த போன் தண்ணீர் தாங்கும் என்று இனி நம்பக் கூடாது. உள்ளே ஈரம் போனதா என்று அறிய சிம் ட்ரே துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐபோன்களில் அங்கே வெள்ளை அல்லது வெள்ளி நிறத்தில் ஒரு சின்னப் பட்டை தெரியும், அது சிவந்திருந்தால் ஈரம் பட்டிருக்கிறது. சிவக்கவில்லை என்பதால் படவே இல்லை என்று ஆகாது.

ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருளில், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் தகவலைத் திறங்கள். ஓடிய மணி நேரம் முதலில் கண்ணில் படும். இடைவிடாமல் ஓடினால் ஒரு வருடத்துக்கு 8,760 மணி. ஆனால் ஹார்டு டிஸ்க்கில் மணியைவிட முக்கியமானவை 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகள் (சில மென்பொருள்களில் 05, சி5, சி6 என்று இருக்கும்). பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்களும் (தரவை எழுதும் சிறு துண்டுகள்) படிக்கத் திணறும் செக்டர்களும் அங்கே தெரியும். அவற்றின் மூல மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் எதையும் நம்பி வைக்க முடியாது. மணிக்கணக்கை அழித்துவிட முடியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2025 தொடக்கத்தில், தரவு மையங்களில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் ஸ்மார்ட் பதிவு அழிக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டது வெளியே வந்தது. அந்த டிஸ்க்குகளில் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவும் உண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் புதிய பதிப்புகள் அதைப் படித்துக் காட்டும், இரண்டு மணிக்கணக்கும் ஒத்துப்போக வேண்டும். பென்டிரைவ், மெமரி கார்டு என்றால் ஏலத்தில் வாங்கவே வேண்டாம் என்பேன். 64 ஜிபி சிப்பை 1 டிபி என்று பொய் சொல்லும்படி உள் மென்பொருளை மாற்றியிருப்பார்கள். 64 ஜிபி நிரம்பும்வரை ஒன்றும் தெரியாது, அதன்பின் எழுதுவதெல்லாம் பழைய கோப்பின் மேல் விழும் அல்லது காற்றில் போகும். வாங்கிவிட்டீர்கள் என்றால் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை வைத்து முழுக் கொள்ளளவும் எழுதி, மறுபடி படித்துச் சரிபாருங்கள். பல மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்ட இடைவிடாமல் கணக்குப் போடுவதில், ஓடிய கிராஃபிக்ஸ் கார்டை வாங்கலாமா என்ற சந்தேகத்துக்கு என் பதில் பாதிதான் உறுதி. எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 15 செப்டம்பர் 2022 அன்று மைனிங் முறையையே கைவிட்டது, அதன்பின் மைனிங்கில் ஓடிய கார்டுகள் குவியல் குவியலாக ஏலத்துக்கு வந்தன. இரவும் பகலும் ஓடிய கார்டு கண்டிப்பாகக் கெட்டிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒரே சூட்டில் சீராக ஓடிய சிப், தினமும் சூடாகி ஆறும் சிப்பைவிடக் குறைவாகத் தேயலாம். தேய்ந்தே போவது ஃபேன் பேரிங்கும், மெமரி மேல் ஒட்டியிருக்கும் சூடு கடத்தும் பேடுகளும். இரண்டும் மாற்றக் கூடியவை. இதில் போலியும் உண்டு: பத்து வருடப் பழைய கார்டில் புது மாடலின் பெயரை ஏற்றி விற்பார்கள். ஜிபியு-இசட் மென்பொருள் இப்படிப் பட்ட என்விடியா கார்டுகள் பலவற்றைக் கண்டுபிடித்துப் போலி என்றே எழுதிக் காட்டும்.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. லேப்டாப் அடாப்டரில் "100–240" என்று இருந்தால் கவலையில்லை. அங்கிருந்து வரும் பழைய ஆம்ப்ளிஃபையரை 230 வோல்ட் பிளக்கில் நேரே செருகினால் ட்ரான்ஸ்ஃபார்மர் கருகும்.

ஏலம் கேட்கும் முறைக்கு வருவோம். ஈபே போன்ற தளங்களில் நீங்கள் கொடுக்கும் உச்சத் தொகை ரகசியமாக இருக்கும். அடுத்தவர் கேட்டதற்கு ஒரு படி மேலே மட்டும் தளமே உங்களுக்காகக் கேட்டுக்கொண்டு போகும். எனவே இதே மாடல் கடைசியாக என்ன விலைக்கு விற்று முடிந்தது என்று முடிந்த ஏலங்களில் பார்த்து, தபால் செலவு, பேட்டரி, சார்ஜர் எல்லாம் கழித்து ஒரே ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். ஏலம் முடியக் கடைசிச் சில நொடிகளில் அதைப் போடுவது நல்லது. முன்பே போட்டால், விற்பவரே ஆள் வைத்து ஏற்றிவிடுபவராக இருந்தால், உங்கள் உச்சம் எது என்று நூல் விட்டுப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கிறது. கேட்டவர்களின் பட்டியலில், மதிப்பீடே இல்லாத ஒரு கணக்கு, தான் போட்ட ஏலத் தொகைகளில் பெரும்பகுதியை இந்த ஒரே விற்பவரின் பொருள்களுக்கே போட்டிருந்தால், போட்டுவிட்டுப் பின்வாங்கியும் இருந்தால், சந்தேகிக்கலாம். உறுதி சொல்ல முடியாது. தோற்ற பிறகு "வென்றவர் வாங்கவில்லை, உங்களுக்கே தருகிறேன், வெளியில் பணம் அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் அது உறுதியான மோசடி. உண்மையான மறுவாய்ப்பு தளத்தில் உங்கள் கணக்கிலேயே தெரியும். பணம் தளத்துக்குள்ளேயே, முடிந்தால் கிரெடிட் கார்டில் கொடுங்கள். நண்பர்களுக்கு அனுப்பும் முறை, கிஃப்ட் கார்டு, விற்பவர் லிங்க் அனுப்பும் எஸ்க்ரோ (பணத்தை நடுவில் பிடித்து வைக்கும்) தளம் எதிலும் திரும்ப வாங்கும் வழி இல்லை.

பார்சல் வந்ததும் முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, நிறுத்தாமல் வீடியோ எடுத்தபடி பிரியுங்கள். சீரியல் எண் தெளிவாகத் தெரியட்டும். பிறகு சோதிக்கும் வரிசை முக்கியம்: முதலில் பூட்டுகள், ஏனென்றால் அங்கே தோற்றால் மற்றதெல்லாம் வீண். அடுத்து பேட்டரி, டிஸ்க். இரவில் மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு முழுச் சுற்று ஓட விடுங்கள். மறுநாள் அரை மணி நேரமாவது பளு கொடுத்து ஓட்டுங்கள், குளிர்ந்த நிலையில் நன்றாக இருந்து சூடானதும் சோல்டர் இணைப்பு விட்டுவிடும் கோளாறு அப்போதுதான் தலை காட்டும். திரையில் சாம்பல், சிவப்பு, வெள்ளை என்று ஒரே நிறத்தை முழுதாகப் போட்டுப் பாருங்கள், ஓஎல்இடி திரையில் பழைய ஐகான்களின் தழும்பு சாம்பலில் தெரியும். ஒவ்வொரு விசையும், ஒவ்வொரு துளையும், கேமரா, மைக், ஸ்பீக்கர். புதிதாக இயங்குதளம் போடும்வரை உங்கள் வங்கிக் கணக்கை அதில் திறக்காதீர்கள். இத்தனைக்குப் பிறகும் பிடிபடாதவை உண்டு: மதர்போர்டில் மயிரிழை வெடிப்பு, மெதுவாக அரிக்கும் பழைய ஈரம். ஒரு மாதத்துக்குள் அவை வெளிவரலாம், வராமலும் போகலாம்.

கோளாறு தெரிந்தால் திறக்காதீர்கள், ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று சொல்ல அது ஒன்று போதும். ஈபேயில் பொருள் வந்த நாளிலிருந்து, அல்லது வர வேண்டிய கடைசி நாளிலிருந்து, 30 நாளுக்குள் புகார் பதிய வேண்டும். மற்ற தளங்களில் கெடு வெவ்வேறு, வாங்கும் முன்பே படித்து வையுங்கள். புகாரில் விவரணையின் வரியை அப்படியே எடுத்துப் போட்டு, அதற்குப் பக்கத்தில் நீங்கள் கண்டதைப் படத்துடன் வையுங்கள். கோபம் வேண்டாம், இரண்டு வரி போதும். "புகாரை மூடிவிடுங்கள், பணத்தைத் தனியாக அனுப்பிவிடுகிறேன்" என்பார் சிலர். பணம் கணக்கில் ஏறும்வரை மூடாதீர்கள், மூடிய புகாரை மறுபடி திறக்க முடியாது. நீங்கள் குறித்திருக்கும் லேப்டாப்புக்கு இதையெல்லாம் பொருத்திப் பார்த்தால், அந்த விவரணையில் நீங்கள் எடுத்துக்காட்ட ஒரு வரிகூட இல்லை. அவர் திரை எரியும் படமும் பயோஸ் பதிலும் தந்தால் மறுபடி யோசிக்கலாம், இல்லையென்றால் உதிரி விலைக்கு மேல் போகாதீர்கள். போனுக்கு, ரீசெட் செய்து வைஃபை படியைத் தாண்டிய படத்தை இன்றே கேளுங்கள். வந்த பொருளில் பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் வழக்கமான திருப்பி அனுப்பும் வழியில் போகாதீர்கள்: சார்ஜ் போடாமல், அழுத்தாமல், எரியாத பரப்பில் தனியாக வைத்து, படத்துடன் தளத்துக்குத் தெரிவியுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியைத் தபாலில் அனுப்பக் கூடாது.